படகு மட்டும் போகும் மணல் திட்டு

(இறுதியாண்டு சிவில் மாணவன் ஒருவன்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் மூன்று வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார். கவிதை எனக்கு வராது. கதை எழுதினால் ஹாஸ்டலில் யாரைப் பற்றி என்று ஆராய்ச்சி செய்வீர்கள். அதனால் போன பிப்ரவரியில் நாங்கள் ஏழு பேர் போய், நடுவழியில் மாட்டிக்கொண்டு, தப்பித்து வந்த ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். நீங்களும் போகலாம். ஆனால் எங்களைப் போலப் போகாதீர்கள்.

கதை ஆரம்பித்தது மெஸ்ஸில். மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். தாய்லாந்தில் மாயா விரிகுடாவாம். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். ரோடு கிடையாது, படகில்தான் போகணும். "டூர்னா இதான்டா டூர்! ஊட்டி, கொடைக்கானல்னு எத்தனை வருஷம்டா போவீங்க?" என்றான். 2000-ல் 'தி பீச்' என்ற ஹாலிவுட் படம் அங்கே எடுக்கப்பட்டு வெளிவந்ததும் உலகமே அந்தச் சின்ன மணலுக்குப் படகு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டது. நங்கூரம் பட்டும் ஆள் மிதித்தும் பவளப்பாறைகள் நாசமாகி, 2018 ஜூன் மாதம் அரசாங்கம் அந்தக் கடற்கரையையே மூடியது. மறுபடி திறந்தது 2022 ஜனவரியில். இப்போது படகை விரிகுடாவுக்குள் விடுவதில்லை. பின்பக்கம் இறங்கி நடந்துதான் வரவேண்டும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கவலை வேறு: "டிக்கெட் எவ்ளோடா ஆகும்?"

அப்போதுதான் எங்கள் வகுப்புக் கிள்ளைக்காரன் வாயைத் திறந்தான். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சொந்த ஊர் சிதம்பரம் பக்கம் கிள்ளை என்பதால் முதல் வருஷத்திலிருந்தே எங்களுக்கு அவன் 'கிள்ளை'தான். அதிகம் பேசமாட்டான். "எங்க ஊர்லயும் அப்படி ஒரு இடம் இருக்குடா. படகுலதான் போவணும். சினிமாவும் எடுத்திருக்காங்க. எங்க பெரியப்பா கூட்டிட்டுப் போவாரு," என்றான். செலவு? பஸ் காசும் டீசல் காசும். ஏழு கைகள் உடனே தூக்கின.

அந்த இடம் பிச்சாவரம் காட்டுக்கு அப்பால் கடலோரத்தில் இருக்கிற எம்.ஜி.ஆர். திட்டு.

பிச்சாவரம் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? 1975-ல் வந்த 'இதயக்கனி', 2008-ல் வந்த 'தசாவதாரம்', துடுப்புப் படகு, பச்சைக் காடு. எனக்கும் அவ்வளவுதான் தெரியும். திட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே 'இதயக்கனி' படப்பிடிப்பால்தான் என்று சொல்கிறார்கள். ஆனால் போவதற்கு முந்தின இரவு மேப்பை விரித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. பெரம்பலூர் மாவட்டத்துக்கு வடக்கே எல்லையாக ஓடுவது வெள்ளாறு. அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கே எல்லையாக ஓடுவது கொள்ளிடம். இரண்டையும் விரலால் தொடர்ந்து கிழக்கே போங்கள். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. கொள்ளிடம் பழையாறு பக்கம் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்த மாதிரி இருப்பதுதான் பிச்சாவரம்! நம்ம மருதையாற்றுத் தண்ணியும் கொள்ளிடத்தில் கலந்து அங்கேதான் போகிறது. அப்படிப் பார்த்தால் அது நம் மண்ணின் வால்பகுதி. தாய்லாந்து எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. கடலும் நமக்கு அந்நியம் இல்லை. நாம் படுத்துத் தூங்குவதே ஒரு பழைய கடலின் தரையில். காரை பக்கம் செம்மண் ஓடைகளில் சக்கரம் மாதிரிச் சுருண்ட அம்மோனைட் கற்கள் கிடைக்கிற கதை தெரியும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையை உற்றுப் பார்த்தால் முழுக்க முழுக்கச் சிப்பி. சாத்தனூரில் படுத்துக் கிடக்கிற 18 மீட்டர் கல்மரம் சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தையது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டுபிடித்தார். கரையிலிருந்த மரம் கடலுக்கு அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லானது. அந்தக் கடல் கிழக்கே விலகி விலகிப் போய் இன்றைக்கு சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதைப் போய்ப் பார்க்க எங்களுக்கு அரியலூர், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறி நாலு மணி நேரம் ஆனது. (அரியலூர் கார்டு லைனில், சிதம்பரம் மெயின் லைனில். நேர் ரயில் இல்லாததற்கு யாரைத் திட்டுவது என்று வழி முழுக்க விவாதம் நடந்தது.)

விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஒன்பதரைக்கெல்லாம் கிள்ளையின் வீட்டில் இட்லி. அவன் பெரியப்பா வாசலில் நின்றுகொண்டு எங்களைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். "தம்பிகளா, நேத்து பௌர்ணமி. ஒம்போது மணிக்கு ஏறி நின்ன தண்ணி இப்ப எறங்க ஆரம்பிச்சிருச்சு. மூணு மணிக்கெல்லாம் வாய்க்கால் வத்திப்போவும். பன்னெண்டுக்கு அங்கேருந்து பொறப்பட்டாவணும். சரியா?" என்றார். "சரிங்கய்யா!" என்று ஏழு பேரும் கோரஸாகச் சொன்னோம். சொன்னதோடு சரி.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஏரி தெரியும், கிணறு தெரியும், மழைக்காலத்தில் மருதையாறு தெரியும். 1956 நவம்பரில் அந்த மருதையாற்று வெள்ளம் பாலத்தைப் பெயர்த்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து, லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் தினம் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்குகிற தண்ணீர் நமக்குப் புதுசு. சந்திரனும் சூரியனும் கடலை இழுப்பதால் வருவது இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம். நேரமும் தினம் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். இன்றைக்கு ஒன்பது மணிக்கு ஏறினால் நாளைக்குப் பத்தை நெருங்கும். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் வரைகூட ஏறி இறங்குமாம். பிச்சாவரத்தில் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. "இவ்ளோதானா?" என்று நான் கேட்டதற்குப் பெரியப்பா சிரித்தார். வாய்க்காலே முழங்காலளவு, இடுப்பளவு ஆழம்தான் பல இடத்தில். அதில் இரண்டடி குறைந்தால் மிச்சம் என்ன?

ஃபைபர் படகு, பின்னால் இன்ஜின், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். அதைப் போடாமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண மாட்டேன் என்றுவிட்டார். (நீங்கள் போவதானால், சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத் துறையில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். காடு வனத்துறையுடையது. எதுவரை போகலாம், எங்கே இறங்கலாம் என்பது அவர்கள் சொல்வதுதான். 'தெரிஞ்சவர் இருக்கார்' என்று கிளம்பிய எங்கள் வழி நல்ல வழி இல்லை. பெரியப்பாவே முந்தின நாள் போய்க் கேட்டுக்கொண்டு வந்ததாகப் பிறகுதான் தெரிந்தது.)

காட்டைப் பற்றி எழுதினால் மலர் முழுக்க எனக்கே வேண்டும். சுமார் 1,100 ஹெக்டேர், ஐம்பது சின்னச் சின்னத் தீவுகள், நடுவில் வலைப்பின்னலாக வாய்க்கால்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அதாவது உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலம். சுரபுன்னை மரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி வேரை வளைத்து வளைத்துத் தண்ணிக்குள் ஊன்றி நிற்கிறது. உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுமாம். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து நடப்படுகிறது. அவிசீனியா வகை மரங்கள் வேறு மாதிரி. உப்பை உள்ளே விட்டு இலை வழியாக வெளியே தள்ளுகின்றன. இலையை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்தாற்போல் நிற்பவை அதன் மூச்சு வேர்கள். கண்ட இலையையும் இப்படி நக்கிவிடாதீர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று பெரியப்பா உடனே அதட்டினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான்.

முக்கால் மணி நேரத்தில் காடு திடீரென்று முடிந்தது. எதிரே ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு அந்தப் பக்கம் இரைச்சல். படகு மணலைத் தொட்டதும் எல்லாரும் குதித்து ஓடினோம். அப்பப்பா! கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மனுஷன் இல்லை. டீக்கடை இல்லை, சுண்டல் இல்லை, பலூன் சுடுகிறவன் இல்லை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் அசையாத காயல், நடுவில் மணல். மெக்கானிக்கல்காரன் கையை விரித்துக்கொண்டு, "டேய், தாய்லாந்துடா!" என்று கத்தினான்.

கிள்ளை மட்டும் ஓடவில்லை. குனிந்து எதையோ தேடிக்கொண்டு நடந்தான். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டான். மணலில் பாதி புதைந்த சிமென்ட் தரைத் துண்டு ஒன்று, பக்கத்தில் சில செங்கல். "இங்கதான் எங்கேயோ எங்க வீடு," என்றான்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மூணு வருஷமாகக் கூடவே படித்தவன். அவன் குடும்பம் இந்தத் திட்டில் இருந்தது என்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. அவனும் சொன்னதில்லை. அவன் பிறக்கும் முன்பே இந்த ஊர் போய்விட்டது.

நியாயமாக அத்தோடு நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் நாங்களும் மனுஷர்கள்தானே, இருபது வயசு வேறே. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி தண்ணியில் இறங்கிவிட்டோம். அதில் மெக்கானிக்கல்காரன் கடல் பக்கம் அலை பெரிதாக இருக்கிறது என்று, காயல் தண்ணி கடலில் சேருகிற வாய்ப் பக்கம் போனான். அங்கே அலையே இல்லை. பார்க்க நம்ம ஊர் வாய்க்கால் மாதிரி வழுவழுவென்று இருந்தது. இடுப்பளவு இறங்கினான். பெரியப்பா படகிலிருந்து கத்திய கத்தல் இருக்கிறதே! வயதான மனிதர் மணலில் ஓடி வந்து அவன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். "அலை இல்லாத எடந்தான் தம்பி ஆளை எடுக்கும்!"

அவன் நம்பவில்லை. "ஐயா, எனக்கு நீச்சல் தெரியும்," என்றான். பெரியப்பா பேசவில்லை. ஒரு காய்ந்த குச்சியை எடுத்து வாய்க்குள் போட்டார். அது போன வேகத்தைப் பார்த்ததும் எனக்கு ஹைட்ராலிக்ஸ் சார் நினைவுக்கு வந்தார். மிதவை முறை, சர்ஃபேஸ் ஃப்ளோட்! பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி, ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. கரையோரம் இருபது மீட்டரை அடி வைத்து அளந்தோம். குச்சியைப் போட்டு செல்போனில் நேரம் பார்த்தோம். மூன்று தடவையும் ஏறக்குறைய 16 விநாடி. நொடிக்கு 1.25 மீட்டர். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி சுமார் 1.06. நன்றாக நீந்தப் பழகியவன்கூட நிதானமாக நீந்தினால் நொடிக்கு ஒரு மீட்டர் போவது பெரிசு. அப்படியென்றால் இழுப்பை எதிர்த்து முழு மூச்சாக நீந்துகிறவன் நின்ற இடத்திலேயே நிற்பான். களைத்ததும் பின்னாலே போவான், கடலுக்கு. அவன் நீச்சல் கற்றது எங்கள் பக்கத்துக் கிணற்றில். கிணற்றுத் தண்ணி எங்கேயும் போகாது.

காரணம் ரொம்ப எளிது. அவ்வளவு பெரிய காயலில் ஏறிய தண்ணீர் முழுக்கவும் ஆறு மணி நேரத்துக்குள் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். Q = A × V. கொள்ளளவு பெரிசு, பரப்பு சிறிசு, வேகம் தன்னால் ஏறும். பதினொன்றரை மணிக்கு, தண்ணி வற்றுகிற பாதி நேரத்தில், அது உச்சத்தில் இருந்தது.

இப்படி அளந்துகொண்டும், போட்டோ எடுத்துக்கொண்டும், கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டும் இருந்ததில் மணி ஒன்று. பெரியப்பா நாலு தடவை கூப்பிட்டிருந்தார். ஐந்தாவது தடவை கூப்பிடவில்லை, போய் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். காட்டுக்குள் பாதி தூரம்கூட வரவில்லை, படகு தரை தட்டியது. இன்ஜினைத் தூக்கிவிட்டு இறங்கித் தள்ளினோம். முழங்கால் வரை சேறு. ஒருத்தன் செருப்பு போச்சு. இன்னும் ஐம்பது அடி நகர்ந்தோம், அவ்வளவுதான். "இனிமே தண்ணி வந்தாத்தான். ஏறி உக்காருங்க," என்றார். ஒரு திட்டுகூட இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உச்சி வெயில், எட்டுப் பேருக்கு ஒன்றரை பாட்டில் தண்ணீர், கிட்டத்தட்ட மூணு மணி நேரம்!

அந்த மூணு மணி நேரத்தில்தான் அவர் பேசினார்.

திட்டில் மீனவக் குடும்பங்கள் இருந்தன. சின்னவாய்க்கால், பில்லுமேடு என்று பக்கத்திலும் மணல் மேட்டு ஊர்கள் உண்டு. கடலும் பக்கம், காயலும் பக்கம், வலைக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? குடிதண்ணி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணச் சாமான், எல்லாம் படகில். "பொண்ணு கேட்டு வர்றவங்ககூட தண்ணி பாத்துத்தான் தம்பி வரணும்," என்றார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஆழக்கடலில் சுனாமி ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, ஆனால் ஜெட் விமான வேகத்தில் வரும். கரை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து, பின்னால் வருகிற தண்ணி முன்னால் இருப்பதன் மேல் ஏறி உயரமாகும். நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க ஒருவருக்கும் தகவல் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியதே 2007-ல்தான். பெரியப்பா அன்றைக்கு மீன் போட கிள்ளைக்கு வந்திருந்தார். திட்டில் அவர் வீட்டார் இருந்தார்கள். "ஓடணும்னா எங்க ஓடுறது? முன்னாடி கடலு, பின்னாடி காயலு. படகுதான் வழி. மொத அலை எடுத்ததே படகைத்தான். நாங்க இங்கேருந்து போவலாம்னா இங்கயும் படகு நொறுங்கிக் கெடக்கு." யார் யாரை இழந்தார் என்று அவர் சொன்னார். அது அவர் எங்களுக்குச் சொன்னது, இங்கே எழுதவில்லை.

நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "ஐயா, அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்துச்சுன்னு படிச்சோமே?" அவர் கையைக் காட்டினார். "காடு எங்க இருக்கு? திட்டு எங்க இருக்கு?" உண்மைதானே! காடு திட்டுக்குப் பின்னால். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. முன்னால் இருந்தவர்களுக்கு அது என்ன செய்ய முடியும்? ஊருக்கு வந்தபிறகு இதைத் தேடிப் படித்தேன். 2005-ல் இந்தக் கடலூர்க் கரையை ஆராய்ந்தவர்கள் மரங்கள் பாதுகாத்தன என்று எழுதினார்கள். அதை மறுத்து வேறு சிலர், காடு மட்டும் காரணமில்லை, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்தது என்று 2006-ல் எழுதினார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியென்று படுகிறது. அதற்காகக் காட்டை வெட்டலாம் என்று அர்த்தமில்லை. சாதாரணப் புயல் அலைக்கும் மண் அரிப்புக்கும் அது நிற்கத்தான் செய்கிறது. ஆனால் மரம் இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ்ந்த மணலில் வீடு கட்டக்கூடாது. பிழைத்தவர்களுக்கு உள்பக்கம் கிள்ளைப் பகுதியில் வீடு கொடுத்து, திட்டில் குடியிருப்பு முடிந்துபோனது.

பெரியப்பாவுக்கு இன்றைக்கும் தொழில் கடல்தான். அந்த மணலைத் தாண்டித்தான் தினம் போகிறார். இறங்குவதில்லையாம். எங்களுக்காக, சரியாகச் சொன்னால் கிள்ளைக்காக, அன்றைக்குப் படகை அங்கே விட்டார். "எங்கப்பா காட்ட மாட்டேன்னுட்டாரு. அதான் பெரியப்பாவைக் கேட்டேன்," என்று கிள்ளை மெதுவாகச் சொன்னான். நம்ம டூருக்கு அவன் ஏன் அவ்வளவு ஆசையாக ஏற்பாடு செய்தான் என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

படகு நின்ற இடத்துக்கு எதிரே காட்டில் ஒரு விசித்திரம். மரங்கள் வரிசை பிடித்து நின்றன. இயற்கைக் காட்டில் வரிசை ஏது? பெரியப்பாதான் சொன்னார், "அது வெட்டுன வாய்க்கா. மீன் முள்ளு மாதிரி இருக்கும்." சிவில் மாணவர்களே, இது நமக்கான விஷயம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள், விறகுக்கு. வெட்டினால் மறுபடி முளைக்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்து, சுருங்கி, நடுவில் தாம்பாளம் மாதிரிப் பள்ளமாகிவிட்டது. ஏறிய தண்ணி பள்ளத்தில் தேங்கி, இறங்க வழியில்லாமல் ஆவியாகி, உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போனது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைவிட ரொம்பவும் கூடினால் உப்பில் வாழ்கிற மரமும் செத்துப்போகும். எத்தனை கன்று நட்டாலும் பட்டுப்போனது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது என்னவென்றால் லெவல் எடுத்து வாய்க்கால் வெட்டியது! நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் 45 டிகிரி கோணத்தில் கிளை வாய்க்கால்கள், சரிவகக் குறுக்குவெட்டு. ஏற்றத்தில் தண்ணி உள்ளே வந்து, வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. சரிவில் கன்று நட்டார்கள், பிழைத்தது. டம்பி லெவல் வைத்துக்கொண்டு சர்வே கேம்ப்பில் நாம் அடித்த கூத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்க்கால் தூர்ந்துவிடாமல் அவ்வப்போது வாரிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் பழைய கதைதான்.

இன்னொரு கேள்வி என்னை இன்றும் விடவில்லை. அந்த மணல் திட்டு எப்படி வந்தது? ஆறு கொண்டுவருகிற மணலை அலை கரையோரமாக நகர்த்திக் கட்டுவது. நம் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குக் காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவது அதிகம். வருஷா வருஷம் அலை எடுக்கும், ஆறு கொடுக்கும். கொடுப்பது எது? தெற்கே கொள்ளிடம். திருமானூர்ப் பக்கம் அந்தக் கொள்ளிடத்தில் வரிசை கட்டி நின்ற லாரிகளை நாம் எல்லாரும் பார்த்தவர்கள்தான். லாரியில் ஏறிய மணல் திட்டுக்குப் போகாது. நம் ஹாஸ்டல் கட்டடத்தில்கூட இருக்கும். அணைகள் தடுப்பது தனி.

நாலரை மணிக்கு மேல் வேர்களுக்கு நடுவே நுரை திரும்பி உள்பக்கம் நகர ஆரம்பித்தது. படகு லேசாக ஆடியது. அந்த ஆட்டத்துக்கு நாங்கள் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. கரை சேரும்போது ஆறு மணி. டீசல் காசு தவிர ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார் பெரியப்பா. "அடுத்த தடவ வர்றதுன்னா அமாவாசை பௌர்ணமிக்கு நாலஞ்சு நாள் தள்ளி வாங்க. ஏத்தம் கம்மி, இழுப்பும் கம்மி. ஐப்பசி, கார்த்திகையில வரவே வராதீங்க. குடிதண்ணி நெறய எடுத்துக்குங்க. நான் கூப்புட்டா மொத தடவையே வரணும்," என்றார். மெக்கானிக்கல்காரன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சினிமா மாதிரி இருக்கிறதே என்று நாங்கள் கிண்டல் செய்யவில்லை.

ஜெயங்கொண்டத்தில் கடைசி பஸ் போய்விட்டது. வைக்கோல் ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு ஹாஸ்டல் கேட்டைத் தட்டும்போது மணி ஒன்றரை. வார்டன் கேட்ட கேள்விகளும் நாங்கள் சொன்ன பதில்களும் மலரில் அச்சிடத் தக்கவை அல்ல.

கிள்ளை அந்தச் சிமென்ட் தரையிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு சில்லு எடுத்து வந்திருக்கிறான். அதை எங்கள் ரூம் ஜன்னலில், நான் முதல் வருஷத்தில் பொறுக்கி வந்த கல்லங்குறிச்சிச் சிப்பிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சிமென்ட் எந்த ஊர்த் தயாரிப்பு என்று கான்க்ரீட் லேபில் கண்டுபிடிக்க முடியுமா என்று சாரைக் கேட்டான். முடியாது என்றார். நம்ம ஊராகத்தான் இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.